லவாலில் எழுதப்பட்ட லண்டன் மடல்

நீக்கிலாப்பிள்ளைக்குப் பிரித்தானியா மேல் வரும் கோபம் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். கனடாவில், மொன்றியலுக்கு அடுத்த லவாலில், மகள் செலீன் வீட்டுச் சமையலறை மேசையில் ஐபேடை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அந்த நாட்டுச் செய்திகளை ஒன்று விடாமல் வாசிப்பார். பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ரயில் ரத்தான செய்திக்குச் "சீ" என்பார். டொக்டரைப் பார்க்க எட்டு மணிக்குப் போன் எடுத்து, வரிசையில் நாற்பதாவது ஆளாகக் காத்திருந்த கிழவியின் கதைக்கு மேசையில் ஓங்கித் தட்டுவார்.

"பார் பிள்ளை, திரும்பவும் ஆத்துக்குள்ளை கக்கூசுத் தண்ணியைத் திறந்து விட்டிருக்கிறாங்கள். கேக்க ஒருத்தரும் இல்லை."

செலீன் மகனின் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கார்டெரி என்ற பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு எட்டு மணிக்குள் அவள் வேலைக்குப் போய்ச் சேரவேண்டும்.

"அப்பா, நேற்றுப் பின்னேரம் முழுக்க எங்கடை தெருவிலை தண்ணி இல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

"ஏன், என்ன நடந்தது?"

"பைப் வெடிச்சது. வாசலிலை நாலு லொறி நிண்டது. நீங்கள் அதைச் சுத்திக்கொண்டுதான் நடக்கப் போனனீங்கள்."

அவர் யோசித்துப் பார்த்தார். ஏதோ ஒரு லொறி நின்ற ஞாபகம் இருந்தது. மறுபடியும் ஐபேடுக்குத் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு வயது அறுபத்தேழு. லண்டனில் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவர். அதில் பதினாறு வருடம் பஸ் ஓட்டினார். அந்தக் காலத்திலேயே, மொன்றியலில் சிவநேசம் நடத்தும் "மொன்றியல் முற்றம்" என்ற இலவச மாதப் பத்திரிகைக்கு "லண்டன் மடல்" எழுதத் தொடங்கியிருந்தார். குப்பை எடுக்கும் நாள் மாறியது, பக்கத்து வங்கி மூடப்பட்டது, இரண்டு நாள் வெயில் அடித்ததற்கு நாடே மயங்கி விழுந்தது என்று மாதம் ஒரு பக்கம். சனம் விரும்பி வாசித்தது. மனைவி இறந்தபின், இடுப்பு வலியோடு ஓய்வு பெற்று, ஆறு வருடத்துக்கு முன் லவாலுக்கு மகளிடம் வந்துசேர்ந்தபோது, மடலை நிறுத்திவிடுவோம் என்றுதான் அவர் சொன்னார். சிவநேசம் விடவில்லை.

"லவாலிலை இருந்து மடல் எழுதினால் ஆர் அண்ணை வாசிக்கிறது? லவால் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். நீங்கள் லண்டனைப் பற்றியே எழுதுங்கோ. ஆள் எங்கை இருந்தால் என்ன?"

சில மாதத்துக்குத்தானே என்று நினைத்து ஒத்துக்கொண்டார். அது ஆறு வருடமாகிவிட்டது. அதற்குள் அந்த நாட்டில் பிரதமர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். ஒவ்வொருவரையும் அவர் லவாலில் இருந்தபடியே திட்டி எழுதினார். மடலின் அடியில் "லண்டனிலிருந்து நீக்கிலாப்பிள்ளை" என்ற வரி மட்டும் மாறவே இல்லை.

செய்தித்தாளில் வராத சங்கதிகளுக்கு அவருக்குச் சவிரிமுத்து இருந்தான். ஒன்றாகப் பஸ் ஓட்டிய பழைய கூட்டாளி. தென்லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இன்னும் இருக்கிறான். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, அங்கே பின்னேரம் மூன்று மணியாக இருக்கும்போது, நீக்கிலாப்பிள்ளை போன் எடுப்பார்.

"குப்பை இப்ப எத்தினை கிழமைக்கு ஒருக்கா எடுக்கிறாங்கள்?"

"போன மாசம்தானே சொன்னனான்."

"இந்த மாசம் மாறியிருக்கலாம். தெருவிலை அந்தப் பெரிய குழி மூடியாச்சோ?"

"டேய், நான் காலுக்கு ஒப்பரேசன் செய்துபோட்டுக் கிடக்கிறன். உனக்காக எழும்பிப் போய்க் குழி பாக்கட்டோ?"

"யன்னலாலை எட்டிப் பார் மச்சான். ரெண்டு நிமிசம்."

சவிரிமுத்து முனகிக்கொண்டே எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழி அப்படியே இருக்கிறது, இப்போது அதற்குள் ஓர் எச்சரிக்கைக் கோன் வைத்திருக்கிறார்கள் என்பான். அடுத்த மடலில் அந்தக் கோன் ஒரு பந்தி எடுத்துக்கொள்ளும்.

கடந்த ஓகஸ்ட் மாதம் என்ன எழுதுவது என்று தெரியாமல் நீக்கிலாப்பிள்ளை இரண்டு நாள் இருந்தார். செப்ரெம்பரில் கல்லூரிகள் திறக்கும், இங்கிருந்தும் சில பிள்ளைகள் ஒரு வருடப் படிப்புக்கு லண்டன் போவார்கள் என்பது ஞாபகம் வந்தது. அவர்களுக்குப் புத்தி சொல்லி ஒரு மடல் எழுதினார். அதன் கடைசிப் பந்தி இது:

"கிங்ஸ்டன் பக்கம் படிக்க வரும் பிள்ளைகள் அங்கேயே அறை தேடி அலையத் தேவையில்லை. மிச்சத்தில் நம் சனம் நிறைய. அங்கே ஏறினால் ஒரே பஸ், கல்லூரிக்குக் கிட்ட இறக்கிவிடும். இடையில் மாறவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். இந்த நாட்டில் இன்னும் ஒழுங்காக நடக்கும் காரியம் அந்த ஒரு பஸ்தான்."

எழுதி முடித்ததும் அவருக்கு அந்தப் பந்தியில் தனித் திருப்தி இருந்தது. அவர் பதினாறு வருடம் ஓட்டியது அந்தப் பஸ்ஸைத்தான்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய போன் அடித்தது. பழக்கமில்லாத பெண் குரல்.

"லண்டன் மடல் எழுதுற நீக்கிலாப்பிள்ளை அண்ணையோ?"

"ஓம் ஓம், நான்தான். ஆர் கதைக்கிறது?"

வாசகர்கள் போன் எடுப்பது வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோதான். அவர் கதிரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"என்ரை பேர் சிவமலர். மொன்றியலிலை, என்.டி.ஜி.யிலை இருக்கிறன். உங்கடை ஓகஸ்ட் மடலைப் பாத்துத்தான் என்ரை மகள் நிரோஜாவுக்கு மிச்சத்திலை அறை எடுத்துக் குடுத்தனான்."

"நல்லது தங்கச்சி. பிள்ளை சுகமாப் படிக்கிறாவோ?"

"அந்தப் பஸ் எங்கை அண்ணை?"

"எந்தப் பஸ்?"

"ஒழுங்கா ஓடுது எண்டு எழுதினீங்களே, அந்தப் பஸ்."

நீக்கிலாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளை பிழையான பக்கத்திலை நிண்டிருப்பா. கடைத்தெருவிலை, தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம் நிக்கச் சொல்லுங்கோ. பதினாறு வருசம் நானே ஓட்டினனான், எனக்குத் தெரியாதோ?"

"அந்தப் பஸ் இப்ப இல்லை. நிப்பாட்டி மூண்டு வருசம்."

"சும்மா கதைக்காதேங்கோ."

"நானோ சும்மா கதைக்கிறன்?" சிவமலரின் குரல் உயர்ந்தது. "என்ரை பிள்ளை அப்பவே சொன்னவள், அம்மா, கூகிளிலை அப்பிடி ஒரு பஸ்ஸைக் காட்டேல்லை எண்டு. கூகிளுக்கு என்னடி தெரியும், அந்த மனுசன் அங்கையே இருக்கிறார், ஒவ்வொரு மாசமும் எழுதுறார் எண்டு நான்தான் அவளின்ரை வாயை அடைச்சனான். இப்ப அவள் ரெண்டு பஸ் மாறி, நடுவிலை அரை மணித்தியாலம் மழைக்குள்ளை நடந்து போறாள். முதல் செய்முறை வகுப்புக்கு நேரம் பிந்திப் போய், வாசலிலை நிப்பாட்டித் திருப்பி அனுப்பிப்போட்டினம். யூன் வரைக்கும் அந்த அறைக்குக் கையெழுத்து வைச்சாச்சு. நீங்கள் ஒருக்கா வெளியிலை இறங்கிப் பாத்துட்டு எழுதக் கூடாதோ?"

அவர் கதிரையின் நுனிக்கு வந்தார். பிறகு சிவமலர் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, பேப்பர்க்காரர் உங்கடை லண்டன் நம்பர் எண்டுதான் இதைத் தந்தவர். இது நானூற்றைம்பதிலை தொடங்குது, இஞ்சத்தை நம்பர் மாதிரி. நீங்கள் எங்கை இருந்து கதைக்கிறியள்?"

"லவாலிலை."

"லவாலிலையோ? எப்ப வந்தனீங்கள்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "ஆறு வருசம்," என்றார்.

போன் வைக்கப்பட்டது.

அவர் உடனே சவிரிமுத்துவுக்கு எடுத்தார். அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

"எங்கடை பஸ் நிப்பாட்டியாச்சோ?"

"ஓம். அது எப்பவோ."

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை. நீ குப்பையையும் குழியையும்தானே கேக்கிறனி."

"அந்தப் பஸ்ஸை நான் ஏன்டா கேக்கப்போறன்? அது ஓடும்தானே!"

"ஓடேல்லை. என்னட்டை இப்ப ஏன் கத்துறாய்? நானே நிப்பாட்டினன்?"

நீக்கிலாப்பிள்ளை போனை வைத்துவிட்டு ஐபேடை எடுத்துத் தேடினார். மூன்று வருடத்துக்கு முந்திய ஓர் உள்ளூர்ச் செய்தி, எட்டு வரி, அவ்வளவுதான். பயணிகள் குறைந்ததால் சேவை நிறுத்தப்படுகிறது. அந்த மாதம் என்ன எழுதினோம் என்று தன் பழைய மடலைத் திறந்து பார்த்தார். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்ற தடையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். யாருடைய தோட்டம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். லண்டனில் அவருக்குத் தோட்டமே இருந்ததில்லை. அந்தத் தடை மேலும் பஸ்ஸை நிறுத்தியவர்கள் மேலும் வந்ததை விட, இப்போது தன் மேல்தான் அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் காலை ஐபேடைத் திறக்கவில்லை. மெட்ரோ எடுத்து, சனம் என்.டி.ஜி. என்று சொல்லும் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போனார். சிவநேசம் அங்கே வீடு விற்கும் தரகராக ஒரு சின்னக் கந்தோர் வைத்திருந்தார். பத்திரிகையும் அதே மேசையில்தான் தயாராகும்.

"அடுத்த இதழிலை ஒரு திருத்தம் போடவேணும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "பஸ் பிழை. நான் லவாலிலை இருக்கிறதையும் எழுதவேணும்."

சிவநேசம் கணினியிலிருந்து கண் எடுக்கவில்லை. "பஸ்ஸை வேணுமெண்டால் ஒரு வரியிலை போடலாம். மற்றது எதுக்கண்ணை?"

"ஒரு பொம்பிளைப்பிள்ளை மழைக்குள்ளை நடக்குது, சிவநேசம்."

"நீங்கள் லவாலிலை எண்டு எழுதினால் அந்தப் பிள்ளை நனையாதோ?"

நீக்கிலாப்பிள்ளை எழும்பினார். "எழுதிக் கொண்டு வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சிவமலரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சிவமலரின் வீடு மூன்று தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள், மடலில் வரும் படத்தை வைத்து ஆளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் படிக்கட்டிலேயே நின்று சொன்னார்.

"என்ரை பிழைதான், தங்கச்சி. பாக்காமல் எழுதிப்போட்டன். பிள்ளைக்கு நான் என்ன செய்யலாம்?"

"நீங்கள் என்ன செய்வியள், லவாலிலை இருந்துகொண்டு?" என்றாள். ஆனாலும் கதவை முழுதாகத் திறந்தாள். தேநீர் தரவில்லை. மகளை வீடியோவில் கூப்பிட்டாள்.

நிரோஜா ஒரு சின்ன அறையில், கட்டிலில் இருந்தபடி பேசினாள். காயப்போட்ட சப்பாத்துகள் பின்னால் தெரிந்தன. அம்மாவைப் போலக் கத்தவில்லை. அந்த அமைதிதான் அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

"பிள்ளை, ஒரு குறுக்குவழி இருக்கு," என்று அவர் அவசரமாகத் தொடங்கினார். "ரெண்டாவது பஸ்ஸுக்கு நடக்கிறியள்தானே? பெற்றோல் ஸ்ரேசனுக்குப் பின்னாலை ஒரு மைதானம் இருக்கு. அதுக்குள்ளாலை போனால் பத்து நிமிசம்."

"அங்கிள், அங்கை இப்ப பில்டிங் கட்டினம். சுத்திவர வேலி."

"அப்பிடியெண்டால் ரெயில் பாலத்துக்குக் கீழாலை?"

"அதையும் மூடியிருக்கினம்."

சிவமலர் அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய அந்தத் தெருக்களில், இந்தப் பிள்ளை இரண்டு மாதத்தில் அறிந்த அளவுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அறை மாத்தித் தந்தால் போவியளோ?" என்று கேட்டார்.

"கொலிஜுக்குக் கிட்ட எண்டால் போவன். ஆனா இந்த வீட்டுக்காரர் விடவேணும்."

அடுத்த மூன்று கிழமையும் நீக்கிலாப்பிள்ளை செய்தி வாசிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு எழும்பி, ஐபேடுக்குப் பதிலாகப் போனை எடுத்தார். லண்டனில் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அடித்தார். பாதிப் பேரின் நம்பர் வேலை செய்யவில்லை. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஒருவன், ஆறு வருடம் கழித்து இதற்குத்தானா போன் எடுக்கிறாய் என்று திட்டினான். செலீன் வேலைக்குப் போகும்போதும் அவர் போனில் இருப்பார், வரும்போதும் போனில் இருப்பார்.

"அப்பா, இதுக்கு அந்தச் செய்தியே பரவாயில்லைப் போல கிடக்கு," என்றாள் அவள்.

கடைசியில் காரியம் சவிரிமுத்துவால்தான் ஆனது. அவனுடைய மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தாள், அவளுடைய மேல் அறை காலி. ஆனால் மிச்சத்தில் இருந்த பழைய அறையின் வீட்டுக்காரர் நிரோஜாவை விடவேண்டும் என்றால், அங்கே வேறு ஒரு மாணவியைக் கொண்டுபோய் விடவேண்டும்.

"நீ போய் அந்த வீட்டுக்காரரோடை கதை," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"காலை ஊண்ட ஏலாதெண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"ஊண்டுகோல் இருக்குத்தானே."

சவிரிமுத்து ஊன்றுகோலோடு போனான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. கோயிலில் அறிவித்து, வேறு ஒரு மாணவியையும் அவனே கண்டுபிடித்தான். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை நிரோஜா இரண்டு பெட்டிகளோடு புது அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று சிவமலர் போன் எடுத்து, "பிள்ளை போய்ச் சேந்திட்டாள். இப்ப நடந்தே வகுப்புக்குப் போகலாமாம்," என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை.

இதற்கிடையில், கந்தோருக்குப் போய் வந்த இரண்டாம் நாளே அவர் தன் மடலை எழுதிச் சிவநேசத்துக்குக் கொடுத்திருந்தார். "நான் ஆறு வருடமாக லவாலில் இருக்கிறேன்" என்று தொடங்கியது அது. நவம்பர் இதழ் வந்ததும் எடுத்துப் பார்த்தார். முதல் வரி, "லண்டனில் குளிர் தொடங்கிவிட்டது" என்று இருந்தது. நடுவில் எங்கோ, "ஓகஸ்ட் மடலில் குறிப்பிட்ட பஸ் தற்போது சேவையில் இல்லை" என்று ஒரு வரி. மற்ற எதுவும் இல்லை. அடியில் வழக்கம்போல "லண்டனிலிருந்து நீக்கிலாப்பிள்ளை."

"இனி நான் எழுதமாட்டன்," என்று போனில் சிவநேசத்திடம் சொன்னார்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஆறுதலாக் கதைப்பம்."

"பிறகும் இல்லை. முடிஞ்சுது."

இத்தோடு சரி என்றுதான் அவர் நினைத்தார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை செலீன் அவரைத் தமிழ்க் கடையில் இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் இடமில்லாமல் காரிலேயே இருந்தாள். மரக்கறி எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்தவரின் கண்ணில், வாசலில் அடுக்கியிருந்த புதிய "மொன்றியல் முற்றம்" பட்டது. எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவருடைய படம். "லண்டன் மடல்." முதல் வரி: "நேற்று என் பஸ்ஸில் ஏறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்து..."

அது எட்டு வருடத்துக்கு முன், அவர் இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது எழுதியது. திகதியை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே போட்டிருந்தார் சிவநேசம்.

நீக்கிலாப்பிள்ளை கூடையைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒரு பேனை தாரும்."

கடைக்காரன் பேனையைக் கொடுத்தான். அவர் முதல் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தைத் திறந்து, தன் பெயருக்கு முன் இருந்த "லண்டனிலிருந்து" என்பதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் "லவாலிலிருந்து" என்று எழுதினார். அதற்குக் கீழே, "இது எட்டு வருடம் பழசு. இந்தப் பஸ் இப்போது ஓடுவதில்லை" என்று எழுதினார். அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?" என்றான் கடைக்காரன்.

"திருத்திறன்."

"நீங்கள் லவாலிலை எண்டு எல்லாருக்கும் தெரியுமே. ஒவ்வொரு சனியும் இஞ்சைதானே கத்தரிக்காய் வாங்குறியள்."

பேனை நின்றது. "தெரிஞ்சுகொண்டோ வாசிச்சனீங்கள்?"

"நீங்கள் அடிக்கடி போய் வாறியள் எண்டு நினைச்சம்."

"ஒருக்காலும் போகேல்லை!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டார். பருப்புப் பக்கம் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து மூன்றாவது பத்திரிகையை எடுத்தார்.

பன்னிரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. செலீன் நின்றாள்.

"அப்பா, வெளியிலை எனக்குப் பின்னாலை மூண்டு கார் ஹோர்ன் அடிக்குது. இஞ்சை என்ன நடக்குது?"

அவர் ஏழாம் பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். படத்தைப் பார்த்தாள், வெட்டிய வரியைப் பார்த்தாள், அடுக்கைப் பார்த்தாள்.

"இது எத்தினை கடையிலை வைக்கிறவை?"

"லவாலிலை ரெண்டு. அங்காலை, மொன்றியலிலை ஒரு ஏழு, எட்டு இருக்கும்."

செலீன் கண்ணை மூடி நீண்ட மூச்சு விட்டாள். பிறகு கடைக்காரனிடம் இன்னொரு பேனை கேட்டு வாங்கி, மீதி அடுக்கில் பாதியை அள்ளிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"காருக்குள்ளை இருந்து எழுதுவம். மீதியைத் தூக்கிக்கொண்டு கெதியா வாங்கோ."